மிஸ்டு கால் கணக்கில் வராது

கரண்ட் இப்போதைக்கு வராது. மெழுகுவர்த்தி ஒன்று போதும், போன் லைட்டை எல்லாம் அணையுங்கள். போனை மட்டும் அணைக்க வேண்டாம். கதை நடுவில் யாருக்காவது அடித்தால் எடுத்துப் பேசிவிடுங்கள்... அடிக்க விட்டுச் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள். கதவோரம் இருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி வாருங்கள்.

நேரம், மதியம் இரண்டு நாற்பது. சிரிக்க வேண்டாம். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? மண்டையைப் பிளக்கும் வெயில். ஊருக்கு வெளியே, குளிர்பதனக் கிடங்குகளுக்குப் பின்புறமாகப் போகும் சாலை. ஒரு பக்கம் முழுக்க கிடங்கின் மதில். மறு பக்கம் மண் அள்ளிவிட்டுப் போட்ட பள்ளம். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கடை இல்லை, ஒரு மரம் இல்லை. மதிலுக்குப் பின்னால் இயந்திரங்கள் 'ம்ம்ம்' என்று ஓடுவது மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தச் சாலையில் என் நண்பன் ஒருவனின் சின்ன மாமா பைக்கில் வந்துகொண்டிருந்தார். ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்ப்பவர். கிடங்கில் ஒரு கம்ப்ரசர் மக்கர் பண்ண, அதைச் சரிபார்த்துவிட்டுத் திரும்புகிறார். சட்டைப் பையில் போன் அடித்தது. ஓட்டியபடியே எடுத்துப் பார்த்தார். திரையில் 'பழசு' என்று வந்தது.

பைக்கை ஓரமாக நிறுத்தினார். திரையை இன்னொரு தடவை பார்த்தார். ஏனென்றால் அந்த எண் செத்து மூன்று நாள் ஆகியிருந்தது... சாகடித்ததே அவர்தான்.

எப்படி என்று கேளுங்கள்.

சின்ன மாமாவுக்குக் கல்யாணம் ஆனபோது வயது நாற்பத்தொன்று. இனி இவனுக்கு எங்கே என்று வீட்டில் எல்லாரும் கை கழுவிவிட்ட நேரம். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஏசி ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். கடையின் பின்னறையில் ஒரு பெண், கண்ணாடி வில்லையைச் சக்கரத்தில் வைத்து 'ஸ்ஸ்' என்று தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. மாமா அந்த ஏசியை முதல் நாளே சரிசெய்துவிட்டார். ஆனாலும் அதற்கப்புறம் மூன்று தடவை போய்ப் பார்த்தார். அந்த ஏசி அதற்கு முன்னாலும் பின்னாலும் அவ்வளவு கவனிப்பைக் கண்டதில்லை என்று என் நண்பன் இன்றும் சொல்வான்.

அவளுக்கு இது இரண்டாம் கல்யாணம். முந்தினவர் குளிர்பதனக் கிடங்கிலிருந்து கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேன் ஓட்டியவர். நான்கு வருஷத்துக்கு முன் அதே சாலையில், வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், வேனை ஓரம் கட்டி நிறுத்தியிருக்கிறார். நெஞ்சுவலி. கண்டுபிடித்தபோது ஸ்டியரிங்மேல் சாய்ந்திருந்தார். கையில் போன். இடது பக்க இண்டிகேட்டர் 'டிக்... டிக்...' என்று எரிந்துகொண்டே இருந்ததாம். கண்ணாடிக் கடையில் வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். சாயங்காலம் அவள் லாக்கரைத் திறந்து பார்த்தபோது, அவரிடமிருந்து பதினேழு மிஸ்டு கால்.

இதெல்லாம் பெண் பார்க்கும்போதே மாமாவுக்குத் தெரியும். அது முடிந்த கதை, அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை என்று பெரிய மனசோடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். அதை அவரும் நம்பினார். கல்யாணமான மூன்றாம் மாதம் பீரோ மேலே அந்த டப்பாவைப் பார்க்கும்வரை.

பழைய பிஸ்கட் டப்பா. எதற்கோ ஸ்குரூ டிரைவர் தேடப் போய்க் கையில் தட்டுப்பட்டது. மூடியைத் திறந்ததும் தலைவலித் தைல வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே ஓர் ஆணின் கைக்குட்டை. கைக்குட்டைக்குள் பொத்தான் வைத்த பழைய போன். எல்லாப் பொத்தானிலும் எண் தெளிவாக இருந்தது. இரண்டாம் பொத்தான் மட்டும் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. ஆன் பண்ணி அதை அழுத்திப் பிடித்தார். அடுத்த அறையில் இருந்த அவர் மனைவியின் போன் அடித்தது.

அத்தை... என் நண்பன் சொல்கிற மாதிரி நானும் அத்தை என்றே சொல்கிறேன்... ஓடி வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. மாமா கையில் போனைப் பார்த்ததும்தான் மூச்சு விட்டாள். அவருடைய போன்தான், நம்பர் போய்விடக் கூடாது என்று வைத்திருக்கிறேன் என்றாள். அவ்வளவுதான் விளக்கம்.

வைத்திருந்த விதம்தான் மாமாவை உறுத்தியது. தொண்ணூறு நாளில் ஒரு கட்டணக் கால்கூட அந்த எண்ணிலிருந்து போகவில்லை என்றால் கம்பெனி எண்ணைப் பிடுங்கிக்கொள்ளும். அத்தை ஐந்து நாள் முந்திக்கொள்வாள். எண்பத்தைந்தாம் நாள் மதியம் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட பின் அந்தப் போனிலிருந்து தன் போனுக்கு ஒரு கால். எடுப்பாள், இரண்டு விநாடி, வைத்துவிடுவாள். வருஷத்துக்கு ஒரு தடவை இருப்பதிலேயே சின்ன ரீசார்ஜ். மாதம் ஒரு நாள் பாட்டரிக்குப் பாதி சார்ஜ். முழுக்க ஏற்றினால் வீங்கிவிடுமாம், காலியாக விட்டால் செத்துவிடுமாம். மற்ற நாளெல்லாம் போன் அணைந்து கிடக்கும். வருஷம் முழுவதற்கும் ஆகிற செலவு நாலு டீக்கு வராது.

செலவு அதிகம் என்றாலாவது அதைச் சாக்காக வைத்து ஒரு சண்டை போட்டிருக்கலாம். மாமாவுக்கு அந்த வழியும் இல்லை.

அடுக்களைச் சுவரில் தொங்கிய காலண்டரில் அந்தந்த எண்பத்தைந்தாம் நாளுக்குப் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் இருக்கும். மாமா ஒரு நாள் காலண்டரைப் பன்னிரண்டு மாதமும் புரட்டிப் பார்த்தார். அவர் பிறந்த நாளில் ஒன்றுமில்லை. கல்யாண நாளில் ஒன்றுமில்லை. செத்தவனுக்கு நான்கு வட்டம். வயிறு எரிந்தது அவருக்கு. உயிரோடு இருக்கிறவனோடு மல்லுக்கு நிற்கலாம்; செத்தவனோடு எப்படி நிற்பது? அவனுக்கு வயதாகாது, தொப்பை விழாது, அவன் வாயிலிருந்து இனி ஒரு தப்பான வார்த்தை வராது.

அடுத்த வட்டத்து நாளில் வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பி, தெருமுனை வரை போய், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. காதை வைத்தார். உள்ளே போன் அடித்தது. அடங்கியது. அத்தையின் குரல், ரொம்ப மெதுவாக...

"வீட்டிலதான் இருக்கேன்."

கட்.

மாமா தெருமுனைக்குத் திரும்பிப் போய் அங்கேயே ஒரு மணி நேரம் நின்றார். தன்னிடம் அவள் அந்தக் குரலில் ஒரு தடவைகூடப் பேசியதில்லை என்பதுதான் அவர் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அது என்ன குரல் என்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை. பொறாமை பிடித்தவனுக்குக் காது கேட்கும், பாதிதான் கேட்கும்.

அதற்கப்புறம் மாமாவுக்கு ஒரு புதுப் பழக்கம் தொற்றியது. வேலை நடுவே, அவள் போன் லாக்கரில் இல்லாத நேரமாகப் பார்த்து அடித்து, எங்கே இருக்கே என்று கேட்பார். முதலில் ஒரு நாளைக்கு ஒரு தடவை. பிறகு மூன்று. பிறகு, கடை விட்டு வரும் வழியில் இரண்டு. ஒரு நாள் அத்தை நேருக்கு நேராகவே சொன்னாள்.

"வேற என்ன வேணா கேளுங்க. போன் பண்ணி, எங்கே இருக்கேன்னு மட்டும் கேக்காதீங்க."

ஏன் என்றார். அவள் சொல்லவில்லை. அப்படியென்றால் ஏதோ இருக்கிறது என்று மாமா முடிவு கட்டினார். கேட்பது ஐந்தானது.

ரீசார்ஜ் கடைக்காரரிடம் ஒரு நாள் பேச்சுவாக்கில் விசாரித்தார். ஒரு நம்பர் எப்படிச் சாகும்? கடைக்காரர் பல் குத்தியபடியே சொன்னார். காசு பிடிக்கிற மாதிரி கால் போகணும், எதிரில் ஆள் எடுத்தால்தான் காசு பிடிப்பான், மிஸ்டு கால் கணக்கில் வராது. நிறைய பேர் மாதாமாதம் மிஸ்டு கால் கொடுத்துவிட்டு நம்பர் உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு நாள் பார்த்தால் போயிருக்கும் என்றார்.

மாமா அதை மனசில் முடிந்துகொண்டார்.

வாய்ப்பு தானாக வந்தது. அத்தையின் அக்காவுக்கு ஒரு ஆபரேஷன். கூட இருக்க ஆள் வேண்டும்; பதினைந்து நாள். வட்டம் போட்ட நாள் நடுவில் விழுந்தது. போனையும் எடுத்துப் போகலாமே என்று மாமா சும்மா கேட்டுப் பார்த்தார். கூடாது, அது இந்த வீட்டிலேயேதான் இருக்க வேண்டும் என்றாள். பயணப் பையை மூடியவள் டப்பாவை இறக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"புதன்கிழமை, சாப்பிட்டதுக்கு அப்புறம். இதிலேருந்து உங்க போனுக்கு அடிங்க. எடுங்க. எடுத்து, அக்கா வீட்டிலதான் இருக்கான்னு சொல்லிட்டு வச்சிடுங்க. உங்களை நம்பித்தான் போறேன்."

யாரிடம் சொல்வது என்று கேட்டார். யாரிடமும் இல்லை, சும்மா சொல்லுங்கள் என்றாள். பஸ் ஏறின பிறகும் ஜன்னல் வழியாகப் புதன்கிழமை என்று உதட்டை மட்டும் அசைத்தாள். புருஷனைப் பிரிந்து போகிற முகமா அது? இல்லை. மாமா அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

புதன்கிழமை. மதியம் இரண்டு நாற்பது. மாமா கட்டிலில் உட்கார்ந்து கைக்குட்டையைப் பிரித்தார். தைல வாசனை. அந்த எண்ணைத் தன் போனில் 'பழசு' என்று பதிந்துகொண்டார். பொத்தான் போனில் தன் எண்ணை அழுத்தினார். 'பீப்... பீப்... பீப்...' பக்கத்தில் கிடந்த தன் போன் அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. எடுக்கவில்லை. நான்காவது முடிந்ததும் பொத்தான் போனைக் கட் பண்ணினார்.

அவள் வந்து பார்த்தால் கால் போனதாகப் போனில் இருக்கும். தேதி இருக்கும், நேரம் இருக்கும். நம்பர் போய்விட்டால், கம்பெனிக்காரன் என்னமோ பண்ணிவிட்டான், நான் அடித்தேனே என்று கைவிரிக்கலாம்.

அடுத்த திங்கட்கிழமை பொத்தான் போனை ஆன் பண்ணிப் பார்த்தார். 'சேவை இல்லை'. தன் போனிலிருந்து 'பழசு'க்கு அடித்தார். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் பாட்டாகச் சொன்னாள். மறுபடி ஒரு தடவை அடித்து, அதைக் கடைசி வரை கேட்டார். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித் தூங்கினதில்லை என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் நாள்தான் அந்தச் சாலை.

போன் அடிக்கிறது. 'பழசு'. வெயில் கொளுத்துகிறது. மாமா பைக்கில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணை அதற்குள் வேறு யாருக்காவது கொடுத்துவிட்டார்களா? மூன்று நாளிலா? ஐந்தாவது மணியில் எடுத்துக் காதில் வைத்தார்.

ஒன்றும் இல்லை... காற்று மாதிரி ஏதோ. அதற்குப் பின்னால், ரொம்ப நிதானமாக,

டிக்... டிக்... டிக்...

போனுக்கு ஏது வாசனை? ஆனால் தைல வாசனை வந்தது. காதோரமாக.

"அவ எங்கே இருக்கா?"

ஆண் குரல். கோபம் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன குரல். அந்த நேரத்தில் நீங்களோ நானோ என்றால் போனைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடியிருப்போம். இல்லையென்றால், அவள் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லித் தப்பித்திருக்கலாம், அக்கா வீட்டிலதான் இருக்கா, மூன்றே வார்த்தை... மாமாவுக்கு அந்தப் பயத்திலும் பொறாமைதான் முன்னால் வந்து நின்றது.

"அவ என் பொண்டாட்டி. அதைக் கேக்க நீ யாரு?"

டிக் சத்தம் நின்றது. கிடங்கு இயந்திரங்களும் அப்போது நின்றுவிட்டாற்போல இருந்ததாம். அப்புறம் அதே குரல்,

"சரி... நீ எங்கே இருக்கே?"

மாமா நிமிர்ந்து பார்த்தார். வளைவுக்கு முன்னால் ஒரு வெள்ளை வேன் நின்றிருந்தது. இவ்வளவு நேரம் அது அங்கே இல்லை. இடது பக்க விளக்கு, மொட்டை வெயிலில், எரிந்து அணைந்தது. எரிந்து அணைந்தது.

பைக்கைத் திருப்பிக்கொண்டு எப்படி வீடு சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. அன்று சாயங்காலம் என் நண்பனைக் கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். இதில் பாதி அவன் கேட்டது. மீதி அவன் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். பையைக்கூட வைக்காமல் டப்பாவை இறக்கினாள். போனை ஆன் பண்ணிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கத்தவில்லை, அழவில்லை. அடித்தீர்களா என்று மட்டும் கேட்டாள். அடித்தேன் என்றார். எடுத்தீர்களா என்றாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்கப்புறம்தான் சொன்னாள். முந்தினவர் உயிரோடு இருந்தபோது ஒரு நாளைக்கு இருபது தடவை போன் செய்வார். எங்கே இருக்கே, எங்கே இருக்கே. பதில் சொல்லச் சில விநாடி தாமதமானால் வேனைத் திருப்பிக்கொண்டு வந்து கடை வாசலில் நிற்பார். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, இறங்காமல், பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தத் தொல்லை தாங்காமல்தான் கடையில் போனை லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். செத்த பிறகு அந்தப் போனை அணைத்து டப்பாவில் போட்டுவிட்டாள். எண்பத்தைந்தாம் நாள் மதியம், அணைந்த போன் தானாக அவளைக் கூப்பிட்டது. வீட்டில்தான் இருக்கிறேன் என்றாள். போய்விட்டார். மறுபடி எண்பத்தைந்து நாள் சத்தமே இல்லை.

"நம்பர் இருக்கிற வரைக்கும் போன்லயே கேட்டுட்டுப் போயிடுவார்னு புரிஞ்சுது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு செகண்ட். இதைவிட மலிவா அவர்கிட்டேருந்து எனக்கு விடுதலை கிடைக்குமா? அதைப் போய்..."

பாதியில் நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்தாள். இனி உங்களைத்தான் கேட்பார் என்றாள்.

கேட்டார். திங்கட்கிழமை ஒரு தடவை. செவ்வாய்க்கிழமை இரண்டு. மாதம் முடிவதற்குள் இருபது. மாமா போனை மாற்றிப் பார்த்தார், எண்ணை மாற்றிப் பார்த்தார். புதுப் போனில் பெயர்களே பதியவில்லை, ஆனாலும் 'பழசு' என்றுதான் வந்தது. அணைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் தெருவில் டிக்... டிக்... என்று கேட்கும். எடுத்துப் பதில் சொல்லிவிட்டால் அடங்கும். பதில் உண்மையாக இருக்க வேண்டும். ஒரு தடவை ஏதோ எரிச்சலில், வேலைக்குப் போன இடத்தில் நின்றுகொண்டு வீட்டில் இருக்கிறேன் என்று சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை... கீழே, கட்டட வாசலில், டிக்... டிக்...

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அத்தனை நடந்தும் மாமாவுக்கு அந்தப் புழுக்கம் தீரவில்லை. இவன் என்னை இருபது தடவை கூப்பிடுகிறான் என்றால் அவளை எத்தனை தடவை கூப்பிடுவான்? அவள் மறைக்கிறாளா? அத்தை குளிக்கப் போகும்போது அவள் போனை எடுத்துப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. அழித்துவிட்டாள் என்று நினைப்பார். என் நண்பன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். மாமா அவனிடம் கேட்ட கேள்வி இதுதான்: அப்படியென்றால் அன்றைக்கு ஏன் அவ்வளவு மெதுவாகப் பேசினாள்?

பயத்தில்தான் மாமா என்று இவன் சொன்னான். அவர் காதில் ஏறவில்லை.

கடைசி நாள் அவர் மறுபடி கிடங்கு வேலைக்குக் கிளம்பினார். அந்த வழியில் போக வேண்டாம் என்று அத்தை தடுத்திருக்கிறாள். அங்கே போனால் உனக்கென்ன, அவனைப் பார்த்துவிடுவேன் என்றா என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் பைக்கின் இடது இண்டிகேட்டரில் ஒரு பல்பு போய் ரொம்ப நாளாகியிருந்தது. அதனால் அது மற்ற வண்டிகள் மாதிரி நிதானமாக அடிக்காது. டிக்டிக்டிக்டிக் என்று அவசரமாக அடிக்கும். ஊர் ஏசியெல்லாம் சரிசெய்தவர், அந்த ஒரு பல்பை மாற்றவில்லை. திருப்பத்தில் அந்தச் சத்தம் மறைகிற வரைக்கும் அத்தை வாசலில் நின்றாளாம்.

மாலை ஐந்து மணிக்குக் கிடங்கு லாரிக்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் பைக் ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தது. மாமா அதன்மேல் உட்கார்ந்து ஹேண்டில்பாரில் தலை சாய்த்திருந்தார். ஹெல்மெட்கூடக் கழற்றவில்லை. நெஞ்சுவலி என்றார் டாக்டர். கையில் போன்.

அந்தப் போனை என் நண்பன்தான் வாங்கிப் பார்த்தான். இரண்டு நாற்பதிலிருந்து அத்தைக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். விடாமல். ஒன்று முடிந்ததும் அடுத்தது. அவர் லைனிலேயே இருந்ததால் அவருக்கு வர வேண்டிய கால் எதுவும் வர வழியில்லை. பதில் கிடைக்காமல் யாரோ நேரிலேயே வந்துவிட்டார்கள். அத்தை அப்போது கடைப் பின்னறையில் வில்லை தேய்த்துக்கொண்டிருந்தாள். போன் லாக்கரில் இருந்தது. எத்தனை மிஸ்டு கால் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பதினேழு.

மூன்று மாதம் கழித்து மாமாவின் கருவிப் பெட்டியை எடுத்துப் போக என் நண்பன் அந்த வீட்டுக்குப் போனான். மதியச் சாப்பாட்டு நேரம். அத்தை இளைத்திருந்தாள். ஆனால் முகம் தெளிவாக இருந்தது. வீடும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போனவன் காலண்டரைப் பார்த்தான். அன்றைய தேதியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம்.

கிளம்பிவிடலாம் என்று திரும்பினான். அதற்குள் அத்தை டப்பாவோடு வந்து அவன் எதிரே உட்கார்ந்துவிட்டாள். கைக்குட்டை புதிது. உள்ளே மாமாவின் போன்.

"ஒரு நிமிஷம் சத்தம் போடாம இரு. ரெண்டு செகண்ட்தான்."

மாமாவின் போனிலிருந்து தன் போனுக்கு அடித்தாள். மேசைமேல் அது அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் போனுக்குள் கேட்டது அவனுக்கும் கேட்டது.

"எங்கே இருக்கே?"

சின்ன வயதில் இவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கடைத்தெரு முழுக்கச் சுற்றிக் காட்டிய குரல். அதே குரல்.

"வீட்டிலதான் இருக்கேன்," என்றாள் அத்தை, ரொம்ப மெதுவாக. கட் பண்ண விரலைக் கொண்டுபோனாள்.

"பக்கத்துல யாரு?"

அத்தையின் விரல் நின்றது. இவனை நிமிர்ந்து பார்த்தாள். நான்தான் மாமா என்று சொல்ல இவனுக்கு வாய் வரை வந்தது. அவள் உதட்டில் விரல் வைத்துத் தலையை ஆட்டினாள். மாமாவின் குணம் தெரிந்தவள், உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று பயந்திருக்க வேண்டும். பொய் சொன்னால் என்ன ஆகும் என்பது அந்த நொடியில் அவளுக்கு மறந்துபோனது.

"யாரும் இல்ல."

போன் தானாகக் கட் ஆனது.

இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தைல வாசனை வந்தது. அப்புறம் வாசலில், மூடியிருந்த கதவுக்கு அந்தப் பக்கம், அந்தச் சத்தம் ஆரம்பித்தது. என் நண்பன் முதலில் ஒன்று என்றுதான் நினைத்தானாம். உற்றுக் கேட்டபோதுதான் தெரிந்தது...

ஒன்று நிதானமாக அடித்தது. டிக்... டிக்... டிக்...

அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று, ரொம்ப அவசரமாக.